"எடுத்துடலாம்" என்று யாரிடம் சொல்கிறார்கள்?

நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் என் சித்திக்கு 36 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு வருடமாகப் பெரும்பாடு. கழிப்பறை இல்லாத சந்தையில், துணி மாற்ற மறைவில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "ரெண்டு குழந்தை ஆச்சில்லம்மா, எடுத்துடலாம். விட்டா கேன்சராயிடும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் சொல்லாமல் விட்டவை பல. உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைத்தால் சில ஆண்டுகள் வேலை செய்யும் ஹார்மோன் காயில் இருக்கிறது. கட்டிதான் காரணமென்றால் கட்டியை மட்டும் எடுக்கலாம். இனி குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல் கருப்பையின் உள்சவ்வை மட்டும் வெப்பத்தால் கருக்கும் 'அப்லேஷன்' உண்டு. சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் சிலருக்கு உதிரப்போக்கு திரும்பி வரும், மறுபடி அறுவை தேவைப்படும்.

கருப்பையை எடுப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 31 மருத்துவமனைகளில் 660 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. கருப்பை வாயை விட்டுவிட்டு லேப்ராஸ்கோப்பி மூலம் கருப்பையை எடுத்துக்கொண்டவர்களில் 97 சதவீதம் பேர் 15 மாதம் கழித்துத் திருப்தி என்றார்கள். அப்லேஷன் செய்தவர்களில் 87 சதவீதம். எடுப்பதுதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்களுக்கு இரண்டையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டிருந்தார்கள்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கேட்டார்களா? கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019இல் அரசுக் குழு கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான். மாதவிடாய் அங்கே கூலி இழப்பு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்காக டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் போனார். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்றது அவர் மனு. ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டுமென 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பதும் அந்த நெறிகளில் உண்டு. சென்னையில் அந்தக் குழுவில் யார் யார், எத்தனை முறை கூடினார்கள், 40 வயதுக்குள் எத்தனை பேருக்கு எடுக்கப்பட்டது என்பதைச் சுகாதாரத்துறை வார்டு வாரியாக வெளியிடட்டும். ஹார்மோன் காயில் அரசு மருத்துவமனையில் எங்கள் பெண்களுக்கும் காசில்லாமல் கிடைக்கட்டும்.

சித்திக்கு இப்போது 44. உடம்பெல்லாம் அனல், இடுப்பு எலும்பு வலி. சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? சீட்டு மழைத்தண்ணில போயிடுச்சு" என்றார்.