விழுவதற்கு ஓர் இடம்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சனிக்கிழமை காரிலேயே கழிகிறது. நீச்சல், டென்னிஸ், பரதம், சதுரங்கம் என்று ஒவ்வொரு வகுப்பின் வாசலிலும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பெற்றோர் ஓரத்து இருக்கையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள். விளையாட்டும் நமக்கு இன்னொரு பாடமாகிவிட்டது. இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஓரிடத்தைப் பரிந்துரைக்க விரும்புகிறேன்: உங்கள் ஊர்ப் பூங்காவின் மூலையில் இருக்கும் ஸ்கேட்பார்க். பிள்ளையை அங்கே இறக்கிவிட்டால் போதாது. நீங்களும் பலகையில் ஏறவேண்டும்.

அந்தக் கான்கிரீட் கிண்ணங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கர்கள் அலையில்லாத நாட்களுக்காகப் பலகையில் சக்கரம் பூட்டிக்கொண்டார்கள். 1970களில் தரையைப் பற்றியோடும் யூரித்தேன் சக்கரங்கள் வந்தன. 1976-77 வறட்சியில் வற்றிய நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களில் பையன்கள் ஏறியிறங்கினார்கள். இன்றைய கிண்ணம் அந்தக் குளத்தின் நகல். அக்காலத்தில் எழுந்த தனியார் ஸ்கேட்பார்க்குகள் பலவும் காப்பீட்டுச் செலவு தாங்காமல் மூடப்பட்டன.

1997இல் கலிபோர்னியா சட்டமன்றம் ஸ்கேட்போர்டிங்கை அபாயமுள்ள பொழுதுபோக்குகளின் பட்டியலில் சேர்த்தது. கேட்டால் தடைபோலத் தோன்றும்; நடந்தது நேர்மாறு. அபாயம் தெரிந்து இறங்குகிறவர் அடிபட்டால் நகராட்சியின்மீது வழக்குத் தொடுப்பது எளிதல்ல என்றானதும், நகராட்சிகள் துணிந்து கட்டத் தொடங்கின. விழும் உரிமையைச் சட்டம் ஒப்புக்கொண்ட பிறகே அங்கே இந்தப் பொதுவிடம் பெருகியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெரும்பாலான நகராட்சிப் பூங்காக்களில் கட்டணம் இல்லை. ஆசிரியரும் மதிப்பெண்ணும் இல்லை. அவரவர் முறை பார்த்து இறங்குகிறார்கள். ஒருவர் கடினமான வித்தையைச் செய்து முடித்தால் மற்றவர்கள் தங்கள் பலகையைத் தரையில் தட்டிப் பாராட்டுகிறார்கள். வயதும் அங்கே பொருட்டல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் இறங்கிய சீனாவின் செங் ஹாவ்ஹாவுக்கு வயது 11. ஆண்கள் பிரிவில் இறங்கிய பிரிட்டனின் ஆண்டி மெக்டொனால்டுக்கு 51. இருவருக்கும் களம் ஒன்றே.

எலும்பு முறிந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. விழும்போது கையூன்றுவது உடலின் இயல்பு. ஆகவே மணிக்கட்டுக்குக் காப்பு வேண்டும். தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்புகளும் வேண்டும். முதல்நாள் சக்கரம் உருளாத புல்தரையில் பலகைமேல் நின்று பழகலாம். எந்தக் கால் முன்னால் வரவேண்டும் என்று உடலே சொல்லிவிடும். பிறகு, கூட்டம் சேராத காலை வேளையில், சமதளத்தில் ஒரு காலால் உந்திப் பத்தடி போகலாம். நாற்பது வயதுக்காரருக்கு அதுவே போதும். கிண்ணத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.

பதின்மூன்று வயதானால் பிள்ளைகள் நம்மிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். அவர்கள் கண்ட பெற்றோர் எப்போதும் தெரிந்தவர்கள், திருத்துகிறவர்கள். ஒன்றும் தெரியாமல் தடுமாறும் அப்பாவை, விழுந்த இடத்தில் உட்கார்ந்து சிரிக்கும் அம்மாவை அவர்கள் பார்த்ததில்லை. தோற்றால் பரவாயில்லை என்று நாம் சொல்லும் அறிவுரையை அவர்கள் நம்பாததற்கு வேறு காரணம் வேண்டுமா? நம் தோல்வியை நாம் அவர்களுக்குக் காட்டியதே இல்லையே.

பலகையின்மீது எட்டு வயதுக்காரி தன் தகப்பனைவிட விரைவில் தேர்ந்துவிடுவாள். சிறிய உடல் தரைக்கு அருகில் இருக்கிறது, பயமும் குறைவு. அப்போது அவளே, "முழங்காலை மடக்குங்கப்பா, காலைப் பார்க்காதீங்க" என்று கற்றுக்கொடுக்கத் தொடங்குவாள். வீட்டில் அவளுக்கு வாய்க்காத இடம் அது. எந்த வகுப்புக்குக் கட்டணம் செலுத்தியும் அதை நாம் அவளுக்கு வாங்கித்தர இயலாது. ஓரத்து இருக்கையைவிட்டு எழுந்தால் தரலாம்.