எந்த மயக்கம் என்றும் கேளுங்கள்



மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் எந்த மூட்டு, எவ்வளவு செலவு என்று விசாரிக்கிறோம். எந்த மயக்கம் என்று யாரும் கேட்பதில்லை. 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்கு முழு மயக்கத்தைவிட முதுகில் போடும் ஊசியையே பரிந்துரைத்தது. நுரையீரல், சிறுநீரகச் சிக்கல்களும் காலில் ரத்தக்கட்டும் குறைகின்றன என்பதே காரணம். மருந்து சுமார் 3 மி.லி. போதும், மூச்சுக்குழாயில் குழாய் செருகும் வேலை இல்லை.

“விழித்திருந்தால் சுத்தியல் சத்தம் கேட்குமே டாக்டர்?” என்பார்கள் என் நோயாளிகள். லேசான தூக்க மருந்தும் கொடுக்கிறோம். பலர் குறட்டையே விடுகிறார்கள். ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பது வெறும் பயம். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை உரிய நாட்களுக்கு முன் நிறுத்தாதவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்களுக்கும் இந்த ஊசி கூடாது.

பல மருத்துவமனைகளில் இந்த ஊசிக்கு உண்மையான தடை நேரம்தான். மருந்து பிடிக்கும்வரை அறுவை அரங்கில் எல்லோரும் காத்து நிற்க வேண்டியதில்லை. முந்தைய நோயாளிக்குத் தையல் போடும்போதே அடுத்தவருக்குப் பக்கத்து அறையில் ஊசி போடலாம். அதற்கு ஒரு கண்காணிப்புக் கருவி, ஆக்சிஜன், அவசர மருந்துகள், கூடவே இருக்க ஒரு மயக்கவியல் மருத்துவர் வேண்டும். நிர்வாகங்கள் இதற்கு வழிசெய்ய வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர், மதுரை