முதல் திறந்த இல்ல உபசரிப்பு

காஜாங் என்றாலே சாத்தேதான். நின்று பேசியபடியே குச்சியோடு உண்ணலாம், தட்டுகூட வேண்டியதில்லை. முதன்முறையாகத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நடத்துவோர், உணவைத் தேர்ந்தெடுக்கையில் இதனையே நினைவிற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பலர் ஏழெட்டு வகைப் பலகாரங்களைச் செய்ய முனைகின்றனர். விருந்தினர் வந்த பிறகும் ஓவன் முன்னேயே நிற்கின்றனர். (நானும் அப்படி நின்றவள்தான்.) உருளைக்கிழங்குக் கறிபாப்பும் ஒருவகை பிஸ்கட்டும் போதும். கறிபாப்பை முந்தைய நாளே மடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் சுட்டால் பொன்னிறமாகிவிடும். மேலே முட்டைக்குப் பதிலாகப் பால் தடவினால் சைவ உணவினரும் உண்பர். மார்ஜரின் பொட்டலத்தில் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கினால் மலாய் அண்டை வீட்டாரின் தயக்கமும் குறையும்.

இதனைக் கஞ்சத்தனம் என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், அவர்களை வாசலில் நின்று வரவேற்க நமக்கு நேரமிருக்கும்.