பாலுக்குக் காய்ச்சலா?

போன மாதம் சொந்த ஊருக்கு, அதாவது சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்துக்குப் போனபோது, பெட்டியில் ஒரு லாக்டோமீட்டரும் வைத்திருந்தேன். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு ஊரிலாவது அதிகாரி வேஷம் போட ஆசை இருக்காதா?

காலையில் பால் கொண்டுவந்த பெரியவரை நிறுத்தி, குழாயைச் சொம்புக்குள் விட்டேன்.

"பாலுக்குக் காய்ச்சலா தம்பி?" என்றார்.

தண்ணீர் இல்லை. பால் பாஸ். எனக்குத்தான் ஏமாற்றம்.

அன்று ராத்திரி போனை நோண்டியதில் ஒரு கணக்கு கிடைத்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் சாம்பிள்களைச் சோதித்தது. நாம் நடுங்குகிற யூரியா, சோப்பு ரகக் கலப்படம் எத்தனையில்? வெறும் 12-ல்! ஆனால் யாருமே சந்தேகப்படாத 'அஃப்ளடாக்ஸின் எம்1' என்ற நச்சு, 368-ல் அளவுக்கு மேல் இருந்தது. மாநிலவாரியாகப் பிரித்தால் முதலிடம் நம்ம தமிழ்நாடு. 551-க்கு 88.

டேட்டா சயன்ஸ் என்பது இதுதான் சார். ஒரு சொம்பைச் சோதித்தால் அது வம்பு. ஆயிரக்கணக்கில் சோதித்து, ஊர்வாரியாக அடுக்கினால் குற்றவாளி தானே எழுந்து நிற்பான்.

இங்கே குற்றவாளி பால்காரர் இல்லை, பூஞ்சை. ஈரம்பட்ட கடலைப் புண்ணாக்கிலும் சோளத்திலும் பூக்கும். மாடு தின்றால் அந்த விஷம் உருமாறிப் பாலில் இறங்கும். ஈரலுக்கு ஆகாது. காய்ச்சினாலும் போகாது. லாக்டோமீட்டருக்கும் தெரியாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழ, துப்புத் துலக்கினால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு!

மறுநாள் பெரியவரின் தொழுவத்துக்கே போய்விட்டேன். ஈரச் சுவரை ஒட்டிப் புண்ணாக்கு மூட்டை. உள்ளே பச்சைப் பச்சையாகப் பூஞ்சை.

"மழையில நனைஞ்சதுன்னு வெல கொறச்சுக் குடுத்தாக. மாடு நல்லாத்தான தம்பி திங்குது?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "என் பேரன் இந்தப் பாலத்தான குடிக்கான்" என்றார் மெதுவாக. பிறகு, "சரி, கொட்டிருதேன். துட்டு யாரு குடுப்பா?"

எந்தக் கணக்கிலும் இதற்குப் பதில் இல்லை. அந்த சர்வே 50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில்தான் நடந்தது. குருவிகுளம் அதில் சேர்த்தி இல்லை. பாதிப் பணம் நான் கொடுத்தேன். புது மூட்டையைப் பலகை மேல் ஏற்றி வைத்தோம்.

மறுநாள் காலையில் சொம்பை நீட்டினேன்.

"இன்னைக்குக் காய்ச்சல் பாக்கலையா தம்பி?"

"காய்ச்சல் எனக்குத்தான் இருந்தது, பெரியவரே. இறங்கிவிட்டது!"