எர்த்திங் இல்லாத ஆம்பளைங்க!

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சு, கேன்டீன் பக்கம் போயிட்டு வந்து படிங்க.

எங்க ஊர் விருதுநகர். பழைய பேரு விருதுபட்டி. 1923-லதான் 'நகர்' ஆச்சு. பேர் வந்ததுக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. ஊர் ஊரா ஜெயிச்சு வாங்கின விருதுகளைக் கொடியில கட்டிக்கிட்டு ஒரு வீரன் வந்தானாம். 'என்னை எதிர்க்க இங்க ஆம்பளை உண்டா?'னு கேட்டானாம். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் களத்துல இறங்கி அவனைச் சாய்ச்சு, விருதுகளை வெட்டி எடுத்தாராம். 'விருதுவெட்டி'தான் மருவி விருதுபட்டி ஆச்சாம்.

சின்ன வயசுல கேட்கும்போது செம கெத்தா இருக்கும். இப்போ ஒரு டவுட். அன்னிக்குப் பயந்துபோய் கதவைச் சாத்திக்கிட்டவங்க எல்லாம் ஆம்பளை இல்லையா?

இந்த டவுட் வரக் காரணம் ஒரு ஆப்பிரிக்க நாவல். நைஜீரியாவோட இக்போ இனத்தைச் சேர்ந்த சினுவா அச்செபே 1958-ல எழுதினது. தமிழ்ல 'சிதைவுகள்'னு வந்திருக்கு. ஹீரோ ஒகோன்க்வோ. ஏழு வருஷம் தோற்காத ஒரு மல்யுத்த வீரனைப் பதினெட்டு வயசுல மல்லாக்கத் தள்ளினவன். (விருதுவெட்டி ஞாபகம் வருதா?) ஆனா அவனுக்குள்ள ஒரே ஒரு பயம்... தன்னை யாராவது 'பலவீனமானவன்'னு சொல்லிடுவாங்களோனு!

காரணம், அவனோட அப்பா. புல்லாங்குழல் ஊதிக்கிட்டு, ஊரெல்லாம் கடன் வெச்சு, ஒரு பட்டம்கூட வாங்காமச் செத்துப்போனவர். அந்த ஊர் பாஷையில பட்டம் வாங்காத ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வார்த்தைதான். சின்ன வயசுல கூட விளையாடின பையன் ஒருத்தன், 'உங்கப்பா அது'ன்னு சொன்னது ஒகோன்க்வோ மனசுல முள்ளாத் தைச்சிடுது.

அவன் வீட்டுல மூணு வருஷமா வளர்ந்த இக்கெமெஃபுனாங்கிற பையனைக் கொல்லணும்னு ஊர்த் தெய்வத்தோட வாக்கு வருது. 'உன்னை அப்பானு கூப்பிடறான், நீ அதுல கை வைக்காதே'ன்னு ஒரு பெரியவர் எச்சரிக்கிறார். கேட்டானா? 'அப்பா!'னு கத்திக்கிட்டு ஓடி வந்தவனை அவனே வெட்டறான். கோபத்துல இல்ல. கோழைனு சொல்லிடுவாங்களோங்கிற பயத்துல! அப்புறம் ரெண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கல.

இதைப் படிச்சதும் நம்ம ஆளு ஒருத்தரோட கதை ஞாபகம் வந்துச்சு. சி.சு.செல்லப்பாவோட 'வாடிவாசல்'. அச்செபே நாவல் வந்து ஒரு வருஷம் கழிச்சு, 1959-ல வந்த சின்னக் குறுநாவல். அப்பா அம்புலி பெரிய மாடுபிடி வீரர். காரிங்கிற காளையோட கொம்புக்கு உயிரைக் கொடுத்தவர். அந்தக் காளையைப் பிடிக்க மகன் பிச்சி வர்றான். ஒகோன்க்வோவுக்கு அப்பா மாதிரி ஆயிடக் கூடாது. பிச்சிக்கு அப்பா விட்டதை முடிக்கணும். ரெண்டு பேரையும் அடக்குறது கண்ணுக்குத் தெரியாத அப்பாதான்.

பிச்சி காரியைப் பிடிச்சும் காட்டுறான். ஆனா காளையோட சொந்தக்காரர் ஜமீன்தார். ஊர் முன்னாடி தன் காளை பிடிபட்டதை அவரால தாங்க முடியல. கடைசியில தன்னோட காளையைத் தானே சுட்டுக் கொல்றார். பிச்சியைவிட அதிகமாப் பயந்தவர் யாருனு இப்போ சொல்லுங்க?

இந்த ஜமீன்தார் எங்கிருந்து வந்தார்னு கொஞ்சம் ஹிஸ்டரி. 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட கையோட, தெற்கத்திப் பாளையங்கள்ல கோட்டையை இடிச்சு, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. 1802-ல நிரந்தர வரி ஏற்பாடு. வாள் பிடிச்சவங்க வரி கட்டுற ஜமீன்தார் ஆனாங்க. 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர்ற வரைக்கும் இதுதான் நிலைமை. நிஜமான அதிகாரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது காளையும் கௌரவமும்தான். அதனாலதான் அதுல ஒரு கீறல் விழுந்தாலும் துப்பாக்கி வெளிய வருதோனு எனக்குத் தோணுது.

ஒகோன்க்வோவுக்கும் இதே கதிதான். அவன் ஊருக்கு வெள்ளைக்காரன் சர்ச், கோர்ட், ஜெயில்னு கொண்டு வர்றான். பலத்தைத் தவிர வேற பாஷை தெரியாத ஒகோன்க்வோ, கோர்ட் ஆள் ஒருத்தனை வெட்டிட்டு, ஊர் தன்னோட சண்டைக்கு வராதுனு புரிஞ்சதும் தூக்கு மாட்டிக்கிறான். அந்த ஊர் மக்கள் கும்பிடுற பெரிய தெய்வம் பூமித் தாய். அவளுக்கு விரோதமான சாவுங்கிறதால, சொந்த ஊர்க்காரங்க அவன் உடம்பைத் தொடக்கூட முடியல. அந்த மாவீரனைப் பத்தித் தன் புத்தகத்துல ஒரு பாரா எழுதிக்கலாம்னு நினைச்சுக்கிட்டே நடக்கறார் வெள்ளைக்கார அதிகாரி. ஒரே ஒரு பாரா!

சரி, இந்தக் கதையெல்லாம் இப்போ எதுக்கு?

எங்க அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில மருந்து கலக்கறவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்க பக்கம் 'மருந்து'ன்னா வெடிமருந்து. அலுமினியப் பவுடர், கந்தகம், உப்பு எல்லாம் சேர்க்கிற வேலை. ஒரு உரசல் போதும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில நடந்த வெடிவிபத்துல முப்பது பேருக்கும் மேல இறந்ததை எங்க பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா வேலை பார்த்த இடத்துல, தள்ளி இருந்த ஒரு ரூம் வெடிச்சது. அப்பாவுக்கு ஒரு கீறல் இல்ல. வீட்டுக்கு வந்தார், குளிச்சார், தட்டு முன்னாடி உட்கார்ந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். சாப்பிடல. அந்த வார லீவு முடிஞ்சு மறுபடி வேலைக்குப் போயிட்டார்.

அந்தத் தீபாவளிக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுல இருந்தாங்க. வாசல்ல எவனோ ஒரு அணுகுண்டு போட, அப்பா தூக்கிவாரிப் போட்டு டம்ளரோட காபியைக் கொட்டிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கப்பா வெடிச் சத்தத்துக்கே பயப்படுற ஆளு! இவர் எப்படித்தான் அங்க வேலை பார்க்கறாரோ!"னு சத்தமா ஜோக் அடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா மட்டும், "பேக்கிங் பக்கம் மாத்திக் கேக்கலாம்னு இருக்காக"ன்னு மெதுவாச் சொன்னாங்க. உடனே மாமா, "என்ன அத்தான், பொம்பளையாளுக பாக்குற வேலைக்கா போகப் போறீக?"ன்னார். மறுபடி சிரிப்பு. அப்பாவும் சிரிச்சார்.

போன மாசம்தான் அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் அப்பா அந்த மாறுதலைக் கேட்கவே இல்லையாம். இன்னிக்கும் அதே கலவை ரூம். அந்தக் கதையில வெட்டினது ஒகோன்க்வோ. எங்க வீட்டுல வெட்டினது நான்.

நான் படிக்கிறது டிரிபிள்-இ. கலவை ரூம் வாசல்ல தாமிரத் தகடு ஒண்ணு பதிச்சிருக்கும்னு அப்பா சொல்லியிருக்கார். உள்ள போறதுக்கு முன்னாடி அதைத் தொட்டா, உடம்புல சேர்ந்திருக்கிற ஸ்டேட்டிக் சார்ஜ் பூமிக்குள்ள இறங்கிடும். பயம் உள்ளவன்தான் அதை மறக்காமத் தொடுவான். 'இதெல்லாம் எனக்கெதுக்கு'ன்னு கெத்தா உள்ள போறவனாலதான் ஆபத்து... அவனுக்கு மட்டுமில்ல, பக்கத்துல நிக்கறவனுக்கும். பட்டாசுத் தொழில்ல பயம்ங்கிறது கோழைத்தனம் இல்ல பாஸ், அது ஒரு சேஃப்டி டிவைஸ்.

மனசுக்கும் அப்படி ஒரு தகடு வேணும். அரியர் விழுந்ததை வீட்டுல சொல்லாம ஹாஸ்டல் ரூம்ல போர்வையைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கிறவன், பிளேஸ்மென்ட்ல பேர் வராம 'நான் ஜாலியா இருக்கேன் மச்சி'னு சிரிக்கிறவன், எல்லாருமே எர்த் ஆகாத சார்ஜோடதான் சுத்தறாங்க. 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?'ன்னு கேட்டுக் கேட்டு நாமதான் அந்தத் தகட்டைப் பிடுங்கி எறிஞ்சுட்டோம்.

முந்தாநாள் ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். "சாப்பிட்டியா?"ன்னார். "சாப்பிட்டேன்பா. அன்னிக்குத் தீபாவளிக்கு நான் கிண்டல் பண்ணினது தப்புப்பா. நீங்க தினமும் அங்க போறது எனக்குப் பயமா இருக்குப்பா"ன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோனு பார்த்தேன். ஆகல.

"ஞாயித்துக்கெழம வா. பேசிக்குவோம்"னார்.

இருபது வருஷத்துல எங்க அப்பா என்கிட்ட 'பேசிக்குவோம்'னு சொன்னது இதுதான் முதல் தடவை. டிக்கெட் போட்டுட்டேன். நீங்களும் இந்த வாரம் யாருக்காவது ஒரு போன் போடுங்க. அடுத்த வாரம் வழக்கம்போல மொக்கையோட சந்திப்போம்!