சாம்பாரில் ஒளிந்திருக்கும் கோதுமை

பொழுது விடியுமுன்பே தாராவியின் சந்துகளில் இட்லிப் பானைகள் ஆவி விடத் தொடங்குகின்றன. சற்று நேரத்தில் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறி, ஹாரன் ஒலியோடு மும்பைத் தெருக்களுக்குப் புறப்படுகின்றன. அரிசியும் உளுந்தும் மட்டுமே சேர்ந்த பண்டம். வடா பாவும் பாவ் பாஜியும் ஆட்சி செய்யும் ஊரில், கோதுமை ஆகாதவர்களுக்கு இதைவிடப் பத்திரமான காலை உணவு ஏது?

இட்லி சரி. அதன்மேல் ஊற்றும் சாம்பார்தான் சிக்கல்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. விளைவு: வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடைக் குறைவு. குழந்தைகளுக்கு வளர்ச்சியே தடைபடலாம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. கோதுமை மீது ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்த டாக்டர் வில்லெம் டிக்கே, 1950ல் தன் ஆய்வேட்டில் அதையே குற்றவாளியாக நிறுத்தினார். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான்.

சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வந்தது? பெருங்காயத்திலிருந்து. செடியின் வேரிலிருந்து வடியும் இந்தப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமான நெடி. அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு, கோதுமை அல்லது மைதா. சில தயாரிப்புகளில் மட்டும் அரிசி மாவு.

மாட்டுங்காவில் 1940ல் தொடங்கிய கஃபே மெட்ராஸும், 1942ல் தொடங்கிய ராமநாயக் உடுப்பியும் தென்னிந்திய நாக்குகளுக்குப் புகலிடம். இந்த மாதிரி ஓட்டல்களில் ரவா தோசை, உப்புமா, பூரி ஆகியவற்றை ஒதுக்குவது சுலபம். மறைந்திருப்பவைதான் ஆபத்து: சாம்பார், ரசம், மிளகாய்ப்பொடி, ஊறுகாய், சட்னியின் தாளிப்பு. பூரி பொரித்த எண்ணெயிலேயே உளுந்து வடை பொரிந்தாலும், ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசை வார்த்தாலும் பத்தியம் கெட்டதுதான். சோள பாக்ரி நல்ல மாற்று; ஆனால் அந்த மாவு கோதுமை அரைத்த மில்லிலேயே அரைபட்டிருக்கலாம்.

வீட்டில் சமைப்பவர்களுக்குக் கவலை குறைவு. செம்பூரில் மளிகை வாங்கும்போது பெருங்காய டப்பாவின் லேபிளைப் படித்தால் போதும்: எந்த மாவு கலந்திருக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளைத்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கலாம் என்பது இந்திய விதி.

வெளிநாடு போகும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், குளூட்டன் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி ஓட்டல்களும் தகவல் தந்தாக வேண்டும். ஜப்பானில் அரிசிச் சோறு தாராளம். ஆனால் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. அந்த ஊர் மொழியில் 'கோதுமை, பார்லி, ரை ஆகாது' என்று எழுதிய சீட்டு ஒன்று பையில் இருப்பது நல்லது.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ தமிழ் ஓட்டல் போர்டைக் கண்டதும் நிம்மதி வரும். அங்கேதான் கவனம் தேவை. பழகிய ருசி என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சர்வரிடம் 'என்ன இருக்கு?' என்று கேட்பது நம் வழக்கம். இவர்கள் கேட்க வேண்டியது, 'என்ன சேர்த்திருக்கு?'