கடைக்கு இரண்டு மணி நேரம், கோயிலுக்கு இருபது நிமிடமா?

குழுச் சுற்றுலா நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வாய்த்த ஒரு நல்ல ஏற்பாடு. விசா, விமான டிக்கெட், ஓட்டல் அறை, இரவில் ரசம் சாதம் என எல்லாவற்றையும் யாரோ பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வதால்தான், தாலுகா தலைநகரைத் தாண்டாதவர்கள்கூட இன்று பாங்காக் வரை போய்வருகிறார்கள். அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால், ஊர் சுற்றிப் பார்க்கவென்று ஒதுக்கும் ஒரே நாளைச் சுற்றுலா நடத்துபவர்கள் பங்கு போடும் முறை சரியில்லை. இதை மாற்றியே ஆக வேண்டும்.

அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற நான், என் அக்காவோடு அப்படியொரு குழுவில் பாங்காக் போயிருந்தேன். சுமார் 40 பேர்; பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோயில்கள் என்று துண்டறிக்கையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். காலையில் பேருந்து முதலில் போய் நின்றது ஒரு ரத்தினக் கடையில். அங்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனது. அரண்மனை வாசலுக்கு வந்தபோது உச்சி வெயில். அங்கே டிக்கெட் விற்பனை பிற்பகல் 3.30 மணிக்கே முடிந்துவிடும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாத். அவ்வளவு கொடுத்து உள்ளே போன எங்களுக்கு, மரகத புத்தர் கோயிலின் சுற்றுமண்டபத்தில் கிடைத்தது இருபது நிமிடம்.

அந்த மண்டபத்தின் சுவர் நெடுக ராமாயணம் ஓடுகிறது. 178 காட்சிகள், தங்க வண்ணம் மின்னும் ஓவியங்கள். பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னர் 1797இல் உருவாக்கிய 'ராமகியன்' காவியம்தான் இதன் கதை. தசகண்டன் என்ற பெயர் அங்கே தோட்சகான் ஆகிவிட்டது. பச்சை முகத்தோடு நிற்கும் ராவணன் அவன். கோயில் வாயிலில் காவல் நிற்கும் யட்சர்களில் அவனும் ஒருவன். கடலில் அணை கட்டும்போது, ராவணனின் மகளான மீன்கன்னி கல்லையெல்லாம் அகற்றுகிறாள். பிறகு அனுமன்மேல் காதல் கொள்கிறாள்.

எங்கள் குழுவில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். சுவரில் வெள்ளை நிறத்தில் அனுமனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா, அனுமார் பக்கத்துல ஒரு பொண்ணு நிக்குது? நம்ம அனுமார் பிரம்மச்சாரியாச்சே!" என்றார். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கண் அகல விரிந்தது. "அப்புறம்?" என்று கேட்டார். அதற்குள் முன்னால் கொடி பிடித்தவர், "வாங்கய்யா, வாங்கம்மா, பஸ்சுக்கு டைம் ஆச்சு" என்று அழைத்துவிட்டார். நாலு சுவர் முழுக்கக் கதை இருந்தது, கேட்க ஆளும் இருந்தார், நேரம்தான் இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் வாட் போவிலும் இதே கதை. 46 மீட்டர் நீளச் சயன புத்தர். அவருடைய பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்புறம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி நடந்தால் மண்டபமே கணகணவென்று ஒலிக்கிறது. எங்களில் பலர் பாதி வரிசை முடிவதற்குள் வெளியே வர வேண்டியதாயிற்று. வாட் அருணையோ ஆற்றின் இக்கரையிலிருந்தே காட்டிவிட்டார்கள். உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்த கோபுரம் அது; கிட்டப் போனால்தான் அந்த வேலைப்பாடு தெரியும்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. அரண்மனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில், 1784இல் நிறுவப்பட்ட ராட்சத ஊஞ்சல் இருக்கிறது. சிவப்புத் தேக்குத் தூண்கள், சுமார் 21 மீட்டர் உயரம். அருகிலேயே தேவஸ்தானம், சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனிச் சந்நிதிகள். மார்கழியை ஒட்டி அங்கே அரசவை அந்தணர்கள் நடத்தும் விழாவுக்குப் பெயர் திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அவை. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனாலும் வழிபாடு இன்றும் நடக்கிறது. மார்கழி விடியலில் பாவை பாடி வளர்ந்த 40 தமிழர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பேருந்து அந்த ஊஞ்சலைத் தாண்டிப் போனது. "லெஃப்ட்ல பாருங்க, ஜயன்ட் ஸ்விங்" என்பதோடு விளக்கம் முடிந்தது.

நடத்துபவர்கள் தரப்பில் ஒரு காரணம் இருக்கிறது. டூர் கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால்தான் ஆள் சேரும். குறைத்ததைக் கடைகள் தரும் கமிஷனில் ஈடுகட்டுகிறார்கள். அடக்க விலைக்கும் கீழே டூர் விற்றுவிட்டு, பயணிகளைக் கடை கடையாக இறக்கி லாபம் பார்க்கும் வழக்கத்துக்கு எதிராக, தாய்லாந்து அரசே 2016இல் பெரிய நடவடிக்கை எடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால், கட்டணம் மலிவாக இருப்பதற்கு விலையாகப் போவது நம்முடைய நேரம் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கூடுதலாக ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் எங்கள் குழுவிலேயே பலர் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

சுற்றுலா நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். இடங்களின் பெயரோடு, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் என்பதையும் அச்சடித்துக் கொடுங்கள். கடைகளை மாலைக்குத் தள்ளுங்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் போகட்டும். ஐந்து இடங்களை இரண்டாகக் குறைத்தாலும் பரவாயில்லை. மூட்டுவலிக்காரர்களும் உட்கார்ந்து, நிதானமாகப் பார்க்க வழி செய்யுங்கள். பாங்காக்கில் தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடமாகத் தேவஸ்தானத்தைப் பட்டியலில் சேருங்கள்.

முன்பணம் கட்டப்போகும் வாசகர்களே, எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை கடை என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணத்தைக் கட்டுங்கள்.